பழுது என்று நான் எழுதிய பிற்பகல்கள்

1

குடியாத்தம் ஸ்டேஷனில் இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். "என்ன சார், பெங்களூர் கிளைமேட் எப்டி இருக்குது? அங்கெல்லாம் ஃபேனே தேவையில்லையாமே." இருபத்தைந்து வருடங்களாக இதே கேள்வி. நானும் இருபத்தைந்து வருடங்களாகச் சிரித்துக்கொண்டே, "சூப்பரா இருக்குது" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறியிருக்கிறேன். இந்த வருடம் கேட்காதீர்கள். கேட்டால் சண்டை வரும்.

நம் பள்ளிப் பழைய மாணவர் மலரில், வெளியூரில் குடியேறியவர்கள் பக்கம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர்க்காரனும் துபாய்க்காரனும் எழுதும் அந்தப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம். காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் ஊருக்கு இவ்வளவு பெரிய பில்டப்பா என்று என் வகுப்புத் தோழர்களே கிண்டல் செய்வது எனக்குத் தெரியும். வந்து இருந்து பார்த்தால்தான் தெரியும். வாசலில் தண்ணீர் லாரிக்காரரிடம் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் மனைவியிடம் தமிழ், மகளிடம் இந்த மூன்றும் கலந்த ஒன்று. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வங்கியில் நான் கன்னடத்தில் ஆரம்பித்தால் எதிரில் இருக்கும் பெண் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறாள். ஊருக்கு வந்தால், "உன் தமிழ்ல கன்னட வாசனை அடிக்குது" என்கிறாள் என் அக்கா.

இதுவரை மலருக்கு மழை, பூங்கா, டிராஃபிக் என்று இனிப்பாகவே எழுதி அனுப்பினேன். பெங்களூர் வந்து இருபத்தைந்து வருடம் நிறைந்த இந்த வருடம், ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது, இனிப்பாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

2

என் வேலை காற்றை அளப்பது. ஓசோன் என்றால் உங்களுக்கு வானத்து ஓட்டை ஞாபகம் வரும். அது எங்கோ உயரத்தில் இருந்துகொண்டு வெயிலின் கெடுதலைத் தடுக்கும் நல்ல ஓசோன். நான் அளப்பது கீழே, நம் மூக்கு மட்டத்தில் இருப்பது. வண்டிப் புகையும் தொழிற்சாலை ஆவியும் நல்ல வெயிலில் வெந்தால் அது உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சை அரிக்கும். இதில் ஒரு வம்பு உண்டு. புகை கிளம்பும் சிக்னலில் இது அதிகம் நிற்காது. புதுப் புகையே அதைத் தின்றுவிடும். காற்று அந்தப் புகையை ஊரின் விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு, மதியத்துக்கு மேல்தான் அது தலைதூக்கும். ஊருக்குள் ஏசி காரில் போகிறவர் விட்ட புகையை, விளிம்பில் இருக்கும் பொம்மசந்திராவில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவர் சுவாசிக்கிறார்.

என் அப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். மின்வாரியத்தில் மீட்டர் ரீடர். "காத்தை அளக்கறதுக்கா கவர்மெண்ட்டு சம்பளம் குடுக்குது?" என்று கடைசிவரை என்னைக் கேலி செய்தார். அவர் அட்டையில் எழுதும் எண்ணுக்குத் தெருவே சண்டைக்கு வரும். மீட்டரில் கோளாறு, போன தடவை போட்ட மாதிரியே போட்டுக்கொள் என்பார்கள். அப்பா அசைய மாட்டார். "கோளாறுன்னா கோளாறுன்னு பக்கத்துல எழுதறேன். அது காட்டறத எழுதாம போவ மாட்டேன்" என்பார். எனக்கு அந்த மனிதர்மேல் எரிச்சல்தான் இருந்தது. அவரால் எங்கள் தெருவில் எவனும் என்னைக் கிரிக்கெட்டுக்குச் சேர்த்துக்கொண்டதில்லை.

அந்த எரிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு பெங்களூர் வந்திருக்கிறேன் என்பது இந்த வருடம்தான் எனக்குப் புரிந்தது.

3

ஓசூர் சாலையில் நகரின் விளிம்பில் இருக்கும் சந்தாபுராவில் ஓர் அரசுக் கட்டடத்தின் மொட்டைமாடியில் எங்கள் நிறுவனத்தின் ஓசோன் கருவி இருக்கிறது. தகரக் கொட்டகை, உள்ளே ஏசி, அதற்குள் ஒரு பெட்டி. பெட்டியின் முகத்தில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அதே எண் கம்பி வழியாக ஊருக்குள் இருக்கும் எங்கள் சர்வருக்கும் வந்து சேரும். மதியத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். ஏசி தானாக ஆன் ஆகாது. பெட்டி சூடாகி நின்றுவிடும். அதனால் பன்னிரண்டு முதல் நான்கு மணி வரை மாடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள் சரஸா.

சரஸாவுக்கு நாற்பது வயது இருக்கும். கான்ட்ராக்ட் வேலை. தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர். பிறந்தது கன்டோன்மெண்ட் பக்கம், கட்டிக்கொடுத்தது ஈஜிபுராவில், வாடகை ஏறியதால் சந்தாபுராவுக்கு வந்தவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே குழாயில் வரும். இந்த ஊர்க்காரர் அவர், வந்தேறி நான். ஆனால் மாடிப்படியில் என்னைக் கண்டால் ஒதுங்கி நிற்பது அவர்தான். அப்போதெல்லாம் அது எனக்கு உறுத்தியதில்லை.

மாடியில் ஆள் உண்மையில் உட்கார்ந்திருக்கிறாரா, கீழே போய்த் தூங்குகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு எங்கள் ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் பெட்டியில் தெரியும் எண்ணைப் பார்த்து ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அதை சர்வரின் பிரிண்ட்டோடு ஒப்பிடுவார். எண் ஒத்துப்போனால் ஆள் இருந்தார் என்று அர்த்தம். காற்றைப் பற்றி அறிய அல்ல, சரஸா என்ற பெண்மணியை நம்பாததால் உண்டான பதிவேடு அது. அந்த எண்களை ஓசோனாக எங்களில் ஒருவரும் படித்ததில்லை.

4

புதிதாக வந்த சூப்பர்வைசர் வரிவரியாக ஒப்பிட்டதில் சரஸாவுக்கு நோட்டீஸ் வந்தது. குற்றச்சாட்டு இதுதான்: பல பிற்பகல்களில் இரண்டு மணி, மூன்று மணிக்கு சர்வரில் "பழுது" என்று இருக்கிறது, எண்ணே இல்லை. ஆனால் பதிவேட்டில் சரஸா அந்த நேரங்களுக்கு எண் எழுதியிருக்கிறார். ஓடாத கருவியிலிருந்து எண் எப்படி வரும்? ஆகவே மாடிக்கே போகாமல் கற்பனையாக எழுதியிருக்கிறார். ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது? விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம்.

அந்தக் கோப்பு தொழில்நுட்பக் கருத்துக்காக என் மேசைக்கு வந்தது. காபி குடித்துக்கொண்டிருந்தேன். "சர்வர் பதிவோடு ஒத்துப்போகவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

நான்கு நாள் கழித்து கேட்டிலிருந்து போன். ஓர் அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்று நிற்கிறார், பாஸ் இல்லை, உள்ளே விட முடியாது என்றார் காவலாளி. எங்கள் கருவியை வருடக்கணக்காகக் காத்தவருக்கு எங்கள் கேட்டைத் தாண்ட அனுமதிச்சீட்டு இல்லை. நான்தான் இறங்கிப் போனேன்.

"சார், நான் சுள்ளு எழுதிட்டேன்னு நீங்க சைன் போட்டிருக்கீங்க," என்றார் சரஸா. சுள்ளு என்றால் இங்கே பொய்.

"சர்வர்ல அந்த டைம்லாம் பழுதுன்னு இருக்குதும்மா. நான் என்ன பண்றது?"

"மெஷின் ஓடினு இருந்துச்சு சார். கெட்டுப் போனா செவப்பு லைட்டு வரும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. செவப்பு வரல. நம்பர் வந்துச்சு. பாத்தேன், எழுதினேன்." பேசும்போதே இருமினார். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. "நம்பர் ஜாஸ்தி வர்ற அன்னிக்குத்தான் சார் எனக்கு நெஞ்சு எரியும். நெஞ்சு எரிஞ்சா, உள்ள போயி பாக்காமலே சொல்லிருவேன், இன்னிக்கு நம்பர் ஜாஸ்தின்னு. கரெக்டா இருக்கும்."

இருபத்தைந்து வருடம் காற்றை அளந்தவன் கேட்டருகே நின்று இதைக் கேட்டேன். நெஞ்சு எரியும் நாட்களில் எண் ஏறுகிறது என்று ஒரு பெண் பொய் சொல்ல வேண்டுமானால், அவருக்கு ஓசோன் பற்றி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு அந்தப் பெயரே தெரியாது. பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

5

பதிவேட்டை சர்வரின் பிரிண்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாதாரண எண் வரும் மணிகளில் இரண்டும் அச்சாக ஒத்துப்போயின. சரஸாவின் எண் ஓர் அளவைத் தாண்டும்போதெல்லாம், தாண்டும்போது மட்டும், சர்வரில் "பழுது". கருவி கெட்டுப்போனால் இப்படி நேரம் பார்த்துக் கெடாது. சர்வரில் எண்ணைச் சலிக்கும் புரோகிராமில்தான் ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டேன். படிவம் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். துறைத் தலைவர் நான்தான் என்றேன். அப்படியானால் விண்ணப்பதாரரும் ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று படிவம் திரும்பி வந்தது. பொறுமை போய், பழைய புரோகிராம் இருந்த சிடியை என் அலமாரியிலிருந்தே தேடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் மகள் யாழினி சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இவ்வளவு அழகாகப் பெயர் வைத்தேனே, அந்தப் பெயரைத் தமிழில் எழுத அவளுக்கு வராது. பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. கற்றுத்தர ஞாயிற்றுக்கிழமைகளில் முயன்றேன். அவளுக்கு நடன வகுப்பு, எனக்கு ஓசோன் கட்டுரை, அப்படியே விட்டுப்போயிற்று. இந்த மலரில் வருடா வருடம் நான் எழுதியதில் ஒரு வரிகூட அவள் படித்ததில்லை.

கம்ப்யூட்டர் மொழி நன்றாகவே படிக்கிறாள். சோபாவில் சம்மணம் போட்டுக்கொண்டு லேப்டாப்பில் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"அப்பா, இங்க இருக்கு. நம்பர் இதுக்கு மேல போனா அதை அழிச்சிட்டு ஃபால்ட்னு போடுது. ஒரிஜினலைக்கூட சேவ் பண்ணல. யாருப்பா இந்த ஜீனியஸ்?"

மேலே ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள்: "இந்த ஊர்ல இவ்ளோ வராது. கரண்ட் ப்ராப்ளம். நீக்கிடலாம்." பிறகு என்னைப் பார்த்தாள். "கீழ இருக்கறது உங்க இனிஷியல்ஸ்தானே?"

நான் எழுதியதில் என் மகள் படித்த முதல் வரி அதுதான்.

6

ஞாபகம் வந்துவிட்டது. சேர்ந்த புதிது. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போதெல்லாம் கருவி ஒரு பெரிய எண்ணைத் துப்பும். அதைத் தினமும் கையால் களைய அலுப்பாக இருந்தது. ஒரு வரி எழுதினேன், அலுப்பு தீர்ந்தது. எந்த அளவுக்கு மேல் நீக்குவது? அப்போது யோசிக்கவே இல்லை. பெங்களூர் காற்று நல்ல காற்று, இதற்கு மேல் எங்கே வரப்போகிறது என்று வைத்துவிட்டேன். குடியாத்தம் ஸ்டேஷன் ஆட்டோக்காரர் நம்பியதைத்தான் படித்த நானும் நம்பியிருக்கிறேன். அவர் நம்பியதால் யாருக்கும் வேலை போகவில்லை.

அந்த வரி கையேட்டில் ஏறி, விதியாகி, ஒவ்வொரு புதுக் கருவிக்கும் பரவிவிட்டது. இடையில் நகரம் ஓசூர் சாலையில் எவ்வளவு தூரம் ஓடிவிட்டது. என் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: நகரின் விளிம்பில் பிற்பகல் ஓசோன் கவலைக்குரிய அளவை எட்டுவதில்லை. எட்டிய மணிகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் பார்த்தால் எப்படி எட்டும்? அதற்குத்தான் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வை படத்தை நீங்களும் மலரில் போட்டீர்கள்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வேறொருவன் எழுதிய வரியாக இருந்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

மறுநாளே இன்னொரு கருவியைத் தூக்கிக்கொண்டு சந்தாபுரா மாடிக்குப் போனேன். பழையதின் பக்கத்தில் புதியதை வைத்து ஒரு வாரம் மதிய வெயிலில் உட்கார்ந்தேன். இரண்டு பெட்டியும் ஒரே எண்ணைக் காட்டின. மூன்றாம் நாள் இரண்டு மணிக்கு எண் என் எல்லையைத் தாண்டியது. சர்வர் அறைக்குப் போன் செய்தேன். "சந்தாபுரா ஃபால்ட் காட்டுது சார், ஆள் அனுப்பட்டுமா?" என்றார்கள். என் கண்முன்னால் இரண்டு பெட்டிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. என் தொண்டை வறண்டு எரிந்தது. ஒரு வாரத்துக்கே எனக்கு இப்படி என்றால் அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்.

7

விசாரணை நாளன்று நிர்வாக அதிகாரியின் அறையில் சரஸா நின்றார். நாற்காலி போடச் சொன்ன பிறகு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிய எண்கள் சரி, சர்வர் தவறு, சர்வரைத் தவறாக்கியது நான் என்றேன்.

அதிகாரி நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். கையேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "கையேட்டில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது. கையேடுதான் விதி. எட்டாவது படித்த அம்மா கையால் எழுதியதை நான் எப்படித் தரவு என்று ஏற்பது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கன்னடத்தில், ஏழு மாதத்தில் ஓய்வு, உங்கள் கட்டுரைகளை நீங்களே எதற்குக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றார்.

"டாக்டர் பட்டம் வாங்கினவன் பாக்காம எழுதினான். எட்டாவது படிச்சவங்க பாத்து எழுதினாங்க. எது சார் தரவு?" என்று கத்தினேன். கோபத்தில் தமிழில் கத்தியிருக்கிறேன். அவருக்குப் புரிந்திருக்காது. சரஸா அதைக் கன்னடத்தில், நான் கத்தியதைவிட மரியாதையாக, அவரிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் சரஸாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அழவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "உங்களுக்கு அது ஒரு வரி சார். எங்க ரோட்ல ரெண்டு மாசமா என்னை ஃபோர் ட்வென்டி, ஏமாத்துக்காரிங்கறாங்க," என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

உத்தரவு வந்தது. சரஸாவை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள், எச்சரிக்கையோடு. இனிமேல் சர்வரில் பழுது என்று காட்டும் நேரங்களில் பதிவேட்டில் எண் எழுதக் கூடாதாம், கட்டத்தைக் காலியாக விட வேண்டுமாம். என் வரியை நீக்குவது பற்றிக் குழு அமைத்துப் பரிசீலிப்பார்களாம். அவரைக் காலை நேரத்துக்கு மாற்றச் சொல்லி நான் தனியாக எழுதியதற்கும் பதில் வந்தது. சர்வர் பதிவுகளின்படி சந்தாபுராவில் பிற்பகல் காற்று நன்றாகவே இருப்பதால் மாற்றுவதற்குக் காரணம் இல்லை. என் கட்டுரைகளைத்தான் ஆதாரம் காட்டியிருந்தார்கள்.

கட்டுரைகளைத் திரும்பப் பெறக் கடிதங்கள் எழுதி அனுப்பிவிட்டேன். பதில்கள் வரட்டும், வராமல் போகட்டும். இப்போது என் பிற்பகல்கள் சந்தாபுராவில்தான். அலுவலகத்தில் இதற்குப் பைத்தியம் என்று பெயர் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் நாள் இரண்டு மணி ஆனது. எண் எல்லையைத் தாண்டியிருந்தது. சரஸா பதிவேட்டைத் திறந்தார். காலியாக விட வேண்டிய கட்டம். "குடுங்கம்மா, நான் எழுதறேன். வந்தா என் மேல வரட்டும்" என்று கையை நீட்டினேன்.

அவர் பேனாவைத் தரவில்லை.

"வேணாம் சார். எழுதறது நான் எழுதறேன். நீங்க பாத்தேன்னு பக்கத்துல சைன் மட்டும் போடுங்க."

எழுதினார். பெட்டியைப் பார்த்தேன், அவர் எழுதியதைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். மூன்று மணிக்கு எண் இன்னும் ஏறியிருந்தது. இருமிக்கொண்டே எழுதினார். அதற்கும் போட்டேன்.